சேர்த்துவிட்டு வந்தாயிற்று, பார்த்ததை என்ன செய்வது?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். பெங்களூரு ஓசூர் ரோட்டில் கூட்லு கேட் அருகே தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருக்கிறேன். போன வாரம் ஒருநாள் விடிகாலை ஐந்தே கால் மணி இருக்கும். அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சில்க் போர்டு பக்கமிருந்து வந்த ஒரு டெம்போ, பைக்கில் போன பையனைப் பக்கவாட்டில் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வரத் தாமதமாகவே, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கிளம்புவதற்கு முன் பைக்கை ஓரமாகத் தள்ளிவைத்தேன். பையன் தண்ணீர் கேட்டான், இரண்டு மடக்கு கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் 2,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பெயரும் போன் நம்பரும் கொடுத்தேன். "ஆக்ஸிடென்டை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். பயத்தில், "இல்லை, விழுந்து கிடந்தான், தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் பார்த்தேன். நம்பரில் முன்னால் டிஎன் 70 என்பதும், கடைசி இரண்டு எண்களும் நினைவிருக்கின்றன. இப்போது போலீஸிலிருந்து போன் வருகிறது, நான் எடுக்கவில்லை. பையனின் அம்மா கடைக்கே வந்து அழுதுவிட்டுப் போனார். தலையில் அடி, கால் முறிவு என்றார். வீட்டிலோ, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க" என்கிறாள். பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் என் மேல் திரும்பும் என்று பக்கத்துக் கடைக்காரர் பயமுறுத்துகிறார். எனக்குக் கன்னடம் வியாபாரத்துக்குப் போதும், அவ்வளவுதான். நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம், பொம்மனஹள்ளி.

பதில்: முதலில் பக்கத்துக் கடைக்காரர் பேச்சை விடுங்கள். பையனுக்கு என்ன ஆனாலும், சேர்த்த குற்றத்துக்காக உங்கள் மேல் கேஸ் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு, காசை எதிர்பார்க்காமல் உதவியவர் மேல் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது என்று அது சொல்கிறது. உதவும்போது கவனக்குறைவாக ஏதாவது நடந்து அதனால் காயம் கூடினாலும், உயிரே போனாலும்கூட அந்தப் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன்பே, 2016 மார்ச் 30 அன்று, உச்ச நீதிமன்றம் இதற்கான மத்திய அரசு வழிகாட்டுதல்களை நாடு முழுவதும் கட்டாயமாக்கிவிட்டது. கர்நாடகம் அதே 2016இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவந்தது. இதில் நாம் தமிழ்நாட்டைவிட நல்ல இடத்தில்தான் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டம்மா பயப்படுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். தூக்கிக்கொண்டு போனவனையே உட்காரவைத்து விசாரித்த காலம் உண்மையிலேயே இருந்தது. ஒரு ஸ்கூட்டர்காரரை கார் இடித்துவிட, கொண்டுபோன ஆஸ்பத்திரி "இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போ" என்று திருப்பி அனுப்பியது. போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை வைத்து வந்த வழக்கில்தான், 1989இல், எந்த டாக்டரும் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, சட்டச் சடங்கெல்லாம் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் மாறி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் பயம் வீட்டுக்கு வீடு அப்படியே கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

பைக்கைத் தள்ளிவைத்தது தவறில்லை. இருட்டில் அது நடுரோட்டில் கிடந்திருந்தால் அடுத்த வண்டி அதில் மோதியிருக்கும். ஆனால் முதலில் எங்கே, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதை போலீஸிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், நகர்த்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். தண்ணீர் விஷயம் டாக்டர்கள் பாடு. தலையில் அடிபட்டு அரைமயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடலாம், உடனே ஆபரேஷன் செய்ய மயக்க மருந்து கொடுப்பதிலும் சிக்கல் வரும். அதனால் கொடுக்க வேண்டாம் என்பார்கள். ஹெல்மெட்டையும் நாமாக இழுத்துக் கழற்றக் கூடாது என்பார்கள். நீங்கள் கொடுத்த இரண்டு மடக்குக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அதை மனதில் போட்டு உழப்பாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் ஒரே ஆளாக இரண்டு வேலை செய்திருக்கிறீர்கள். ஒன்று, சேர்த்தவர். இன்னொன்று, பார்த்தவர். சட்டம் இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நடத்துவதில்லை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் நிறையப் பேர் தேவையில்லாத இடத்தில் பயந்து, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சேர்த்தவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சேர்த்துவிட்டு அந்த நிமிஷமே கிளம்பலாம். பெயர், முகவரி கேட்டு போலீஸோ ஆஸ்பத்திரியோ வற்புறுத்தக் கூடாது. 2020 செப்டம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 168ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. இந்த உரிமைகளை எழுதி வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டிவைக்க வேண்டும் என்றுகூட ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவு இருக்கிறது. அடுத்த முறை உள்ளே போகும்போது தேடிப் பாருங்கள். சில இடங்களில் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் இருக்கும்.

பார்த்தவர் விஷயம் வேறு. அவரும் கிளம்பலாம், ஆனால் முகவரியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் சாட்சி சொல்ல முன்வருவது அவர் விருப்பம்தான். சாலை விபத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காத வழிப்போக்கனைத் தண்டிக்க நம் நாட்டில் சட்டம் இல்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், போலீஸுக்குத் தகவல் சொல்வதும் இடித்த டிரைவருக்குத்தான் கட்டாயக் கடமை, 134ஆவது பிரிவின்படி. ஆகவே நீங்கள் பேசாமல் இருந்துவிட்டாலும் உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் பேசாமல் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். பிறகு முடிவு உங்களுடையது.

டெம்போ எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் போலீஸ் கொஞ்ச நாள் தேடிவிட்டு சி ரிப்போர்ட் போட்டுவிடுவார்கள். துப்பு கிடைக்கவில்லை என்று பைலை மூடுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். அப்புறம் அந்தப் பையனுக்குக் கிடைக்கக்கூடியது, 'அடையாளம் தெரியாத வாகனம்' என்ற கணக்கில் 161ஆவது பிரிவின்கீழ் ஒரு தொகை. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், இறந்துபோனால் 2 லட்சம். 2022 ஏப்ரலில் உயர்த்திய பிறகு இருக்கிற தொகையே இதுதான். அதற்கு முன்னால் 12,500, 25,000 என்று இருந்தது.

டெம்போ கிடைத்துவிட்டால் அதன் இன்சூரன்ஸ் கம்பெனி வந்து நிற்க வேண்டும். கேஸ் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகும். பையனுக்கு 22 வயது, மாதம் 15,000 சம்பாதிக்கிறான், காயம் ஆறிய பிறகும் வேலை செய்யும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருஷ வருமானம் 1,80,000. வருங்கால உயர்வுக்கு அதில் 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 18. பெருக்கி, 30 சதவீதம் எடுத்தால் 13,60,800 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. ஒரு பக்கம் 50,000, இன்னொரு பக்கம் பதின்மூன்றரை லட்சத்துக்கு மேல். நடுவில் இருப்பது டிஎன் 70 என்பதும் அந்த இரண்டு எண்களும்தான். அவை இப்போதைக்கு உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன.

அரைகுறை நம்பரை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம். டிஎன் 70 ஓசூர் ஆர்டிஓ. சில்க் போர்டு பக்கமிருந்து வந்து ஓசூர் நோக்கிப் போன வண்டி. வழியில் இறங்காமல் நேராக ஊருக்குப் போயிருந்தால் அத்திப்பள்ளி டோலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஐந்தே காலுக்கு கூட்லு கேட்டில் இருந்த வண்டி அந்த நேரத்தில் எப்போது டோலைத் தொடும் என்று ஒரு குத்துமதிப்பு போடலாம். டோலில் கேமரா இருக்கிறது, பாஸ்டேக் பதிவு இருக்கிறது. அந்த அரைமணி நேரத்துக்குள் தாண்டிய டிஎன் 70 டெம்போக்களில், கடைசி இரண்டு எண் பொருந்துகிறவை எத்தனை இருந்துவிடப் போகின்றன? ஒருவேளை ஒன்றே ஒன்று. போலீஸுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் தேட ஒரு நுனி வேண்டும். அதைவிட முக்கியம், கேமரா பதிவுகள் என்றைக்கும் இருக்காது. கடை வாசல் கேமராக்களில் பழையதை அழித்துத்தான் புதியது பதிவாகும். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதற்குள்ளேயே சிலது போயிருக்கும். அதனால்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று இன்னும் ஒரு வாரம் ஓட்டாதீர்கள் என்கிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? இன்று ராத்திரி கடை மூடியதும், கணக்கெழுதும் நோட்டில் தேதி போட்டு, நடந்ததை எழுதிவையுங்கள். நீங்கள் எங்கே நின்றீர்கள், எத்தனை அடி தூரம், தெருவிளக்கு எரிந்ததா, மேலே ஃப்ளைஓவர் நிழல் விழுமா, டெம்போ என்ன நிறம், தார்ப்பாய் போட்டிருந்ததா, பின்னால் ஏதாவது எழுதியிருந்ததா, பைக் சிக்னல் போட்டதா. நடந்த கையோடு எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள கோர்ட்டில் அனுமதி உண்டு. ஆறு மாதம் கழித்து எழுதினால் அந்த மதிப்பு இருக்காது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நடு எண்கள் ஞாபகமில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

காலையில் அந்த போலீஸ் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள். இங்கே விபத்து வழக்குகளை அந்தந்தப் பகுதி டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷன்தான் பார்க்கும், சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் இல்லை. "நான்தான் அந்தப் பையனைச் சேர்த்தேன், விபத்தையும் பார்த்தேன், வாக்குமூலம் கொடுக்கத் தயார், என் கடையிலோ வீட்டிலோ வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 169ஆவது விதிப்படி, நீங்கள் வசதி என்று சொல்கிற இடத்துக்கு, நீங்கள் சொல்கிற நேரத்துக்கு அதிகாரி வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விசாரணையை ஒரே தடவையில் முடிக்க வேண்டும், இன்றைக்கு வா நாளைக்கு வா என்று இழுக்கக் கூடாது.

கன்னடம் பற்றி ரொம்பவே கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதே விதியில், உதவியவருக்கு அந்த ஊர் மொழி வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அதிகாரியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில், ஓசூர் ரோட்டு ஸ்டேஷனில் தமிழ் புரியாத ஏட்டைத் தேடுவதுதான் கஷ்டம். தமிழிலேயே பேசுங்கள். அவர்கள் கன்னடத்தில் எழுதுவார்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். 'வேகமாக வந்த' என்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லாத 'மிக' எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும், அதை எடுக்கச் சொல்லுங்கள். கையெழுத்து கேட்டால் போட வேண்டாம். போலீஸிடம் கொடுக்கும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பதே சட்டம். பலருக்கு இது தெரியாது.

மஹஜர் அப்படி இல்லை. விபத்து நடந்த இடத்தை அளந்து, வரைபடம் போட்டு, அக்கம்பக்கத்தவர் இருவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அங்கேயே கடை போட்டிருப்பதால் உங்களிடமும் கேட்கலாம். அவர்கள் அளந்ததை நீங்கள் நின்று பார்த்திருந்தால் போடுங்கள். "அண்ணா, இதுல ஒரு கையெழுத்து" என்று வெள்ளைத்தாளோ பாதி எழுதிய தாளோ வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் "பார்க்கவில்லை" என்று சொன்னதுதான் உங்களை உறுத்துகிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அது போலீஸிடமோ கோர்ட்டிலோ சத்தியம் செய்து சொன்னது இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் அங்கே எம்எல்சி பதிவில், அதாவது போலீஸுக்குப் போகும் கேஸ்களை ஆஸ்பத்திரி எழுதிவைக்கும் பதிவில், யார் கொண்டுவந்தார், என்ன சொன்னார் என்று ஒரு வரி இருக்கும். நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த வரியை எடுத்துக் காட்டி, "அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்றா?" என்று கேட்பார். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே உங்கள் வாக்குமூலத்தில் சொல்லிவிடுங்கள்: பயத்தில் அப்படிச் சொன்னேன், பிறகு மனசு கேட்கவில்லை. தானாகச் சொன்ன பயத்தை எந்த நீதிபதியும் புரிந்துகொள்வார். மறைத்து, பிடிபட்ட பயம்தான் கேஸைக் கெடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பையனின் சொந்தக்காரர்கள் யாராவது, அல்லது ஆஸ்பத்திரி வாசலில் சுற்றும் கிளெய்ம் ஏஜென்ட் யாராவது, உங்களைத் தேடி வருவார்கள். "டெம்போ எண்பதில் வந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே, முழு நம்பரையும் நாங்க தர்றோம், சேர்த்துச் சொல்லிடுங்க" என்பார்கள். இரக்கத்தால்கூட அதைச் செய்யாதீர்கள். வேகமாக வந்தது என்று சொல்லலாம், எண்பது என்று சொல்ல உங்கள் கையில் மீட்டர் இல்லை. ஒரு பொய் சேர்ந்தால், நீங்கள் கண்ணால் பார்த்த நிஜமும் அதோடு சேர்ந்து போய்விடும். வேறு ஏதோ ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று இன்சூரன்ஸ் தரப்பு சொல்வதற்கு நாமே வழிவிட்டதாகிவிடும். அந்த அம்மாவிடம் ஆறுதலாகப் பேசுங்கள், பார்த்ததை போலீஸிடம் சொல்லியாகிவிட்டது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு, தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குக் காசு கட்டாமல் சிகிச்சை என்று 2025 மே மாதம் மத்திய அரசுத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. இடித்த வண்டி எது என்று தெரியாவிட்டாலும் அது உண்டு. நாள் தாண்டியிருந்தாலும், பில்லில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று கேட்கட்டும்.

கோர்ட்டு கச்சேரி என்று அலைய வேண்டியிருக்குமா? உங்கள் வீட்டம்மாவுக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். டெம்போ டிரைவர் மேல் குற்றப்பத்திரிகை போட்டால் ஒருநாள் சம்மன் வரும். வந்தால் போகத்தான் வேண்டும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தீர்ப்பாயத்திலும் ஒருமுறை கூப்பிடலாம். இரண்டுமே இந்த மாதமோ அடுத்த மாதமோ இருக்காது. உதவிய சாட்சிகளை வீடியோ கான்பரன்சிங் மூலம் விசாரிப்பதை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அரைநாள் வியாபாரம் போகும், சில சமயம் நீதிபதி லீவு என்று அந்த அரைநாளும் வீணாகும். அதைச் சொல்லாமல் மறைத்தால் நான் வக்கீல் இல்லை, ஏஜென்ட் ஆகிவிடுவேன். ஆனால் அடிதடி கேஸ் சாட்சி மாதிரி இதில் யாரும் உங்களை மிரட்ட வர மாட்டார்கள். டிரைவருக்காகப் பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. அவர்கள் வக்கீல் நாலு கேள்வி கேட்பார், உட்கார்ந்துவிடுவார்.

பரிசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பலத்த அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்கு மத்திய அரசு 25,000 ரூபாய் தருகிறது. 5,000ஆக இருந்ததை 2025இல் உயர்த்தியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் வாக்குமூலம் பற்றிப் பேசும்போதே அதையும் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். "பரிசுக்காகத்தான் சாட்சி சொல்கிறீர்களா?" என்று எதிர்த்தரப்பு கேட்டால், சேர்த்ததற்குத்தான் பரிசு, சாட்சிக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக அந்த 2,000 ரூபாய். சொந்தக்காரர் அல்லாதவரிடம் பதிவுக்கோ அட்மிஷனுக்கோ பணம் கேட்கவே கூடாது. அவர்கள் கேட்டது தவறு. கட்டிவிட்டீர்கள், போகட்டும். ரசீதைத் தொலைத்துவிடாமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டு, அசலைப் பையனின் அம்மாவிடம் கொடுங்கள். மருத்துவச் செலவில் சேர்த்து இன்சூரன்ஸிடம் கேட்க அது அவர்களுக்கு வேண்டும். உங்கள் பணத்தை அவர்கள் இப்போது திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.